இருபத்திரண்டு நாள் எரிந்த திரை

பரந்தாமனுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. பழைய பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் ஒன்றின் திரைக் கண்ணாடியில் தன் பெயர் இருக்கிறதா, இல்லையா என்பது. அந்தக் கம்ப்யூட்டர் அவர் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தது. திரையை மூடியிருந்த துணியை விலக்கினால் தெரிந்துவிடும். முப்பத்தேழு வருஷமாக அவர் அதை விலக்கவில்லை.

இந்த ஜூன் மாதம் மேனாம்பேட்டில் அவர் வீட்டுக்கு வேலைக்குப் போனபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டோடு இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்து எனக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. என் வயது அறுபத்தாறு, அவருக்கு எழுபத்து மூன்று. பார்க்கின்சன் நோய். நடை சுருங்கி, குரல் தேய்ந்து, முகத்தில் அசைவே போய்விட்டது. வலது கை மட்டும் ஓயாமல் ஆடும். மனைவி கன்னியம்மாள் ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். ஒரே மகள் கலைவாணி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வானகரத்தில் குடியிருப்பு. ஆகஸ்டில் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அப்போது அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போகிறாள். அதுவரை காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைக்கும் நான்.

முதல் நாள் வழக்கப்படி, “அண்ணா, வாயைத் திறங்க” என்று மாத்திரையை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

“அண்ணான்னு மட்டும் கூப்டாதம்மா” என்றார். குரல் காதை அருகே கொண்டுபோனால்தான் கேட்கும்.

“சரி, ஐயான்னு கூப்பிடறேன்.”

“நான் பியூனு. ஐயா கிய்யாலாம் நமக்கு ஒத்துக்காது.”

“அப்ப பெரியவரே.”

“அது கரீட்டு. நீயும் கெழவிதான, பரவால்ல.”

அன்று பகல் கஞ்சி கொடுத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து சத்தம் வந்தது. டிக், டிக்டிக், டிக். தாளம் இல்லை. யோசித்து யோசித்துத் தட்டுவது போல இருந்தது. போய்க் கதவைத் திறந்தேன். விளக்கு சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. போட்டேன். ஒரு மேஜை, அதன்மேல் பழைய கம்ப்யூட்டர். தடித்த, அழுக்கு வெள்ளை விசைப்பலகை. கேசட் ரெக்கார்டர். ஒரு பெட்டித் திரை, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தது. அதன்மேல் சிவப்புப் பட்டுத் துணி, ஜரிகை கறுத்துப்போனது. எலி இல்லை, பல்லி இல்லை. சத்தமும் நின்றுவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால் பரந்தாமன் தூக்கத்தில் இருந்தார். ஆடுகிற வலது கை கட்டிலின் இரும்புக் குழாயில் பட்டுக்கொண்டிருந்தது. டிக்டிக். காரணம் கிடைத்துவிட்டது. கைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

*

ஜூலை கடைசியில் கலைவாணி வந்து சாமான்களை எண்ணிப் பார்த்தாள். எது வானகரத்துக்கு, எது குப்பைக்கு என்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுக்கொண்டே வந்தவள், பின்னறை வாசலில் நின்றுவிட்டாள்.

“எப்பா, இத்தயும் தூக்கிகினு வரணும்னு சொல்லாத. அங்க ரெண்டே ரூமு. எஸ்டேட்ல பழைய கம்ப்யூட்டரு எடுத்துக்கிற ஆளு கீறாங்க. முழுசா எடுத்துக்க மாட்டாங்களாம். பிளாஸ்டிக்கு தனி, போர்டு தனி, கண்ணாடி தனி. பிரிச்சுக் குடுத்தா வந்து வாங்கிகினு போவாங்க.”

“நானே பிரிக்கிறேன்” என்றார்.

“கைய பாத்தியா? ஒரு டம்ளரு புடிக்க முடியல.”

“நான் பிரிக்கிறேன்னு சொல்றேன்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். ரப்பர் பந்தைப் பிசைவதைவிட இது அவர் கைக்கு நல்ல பயிற்சி, திருகாணியை நான் கழற்றுகிறேன், அவர் சொல்லட்டும் என்றேன். கலைவாணி போன பிறகு அவர் கேட்டார்.

“ஸ்க்ரூ டிரைவரு புடிக்கத் தெரியுமா உனக்கு?”

“தொண்ணூறு கிலோ ஆளையெல்லாம் ஒண்டியா பொரட்டிப் போட்டிருக்கேன். இது என்ன?”

“அது சரி. கண்ணாடிய மட்டும் கடசியா வெச்சுக்கோ.” பின்னறைப் பக்கம் கண்ணைக் காட்டி, “பிரிக்கிறது ஒரு சாக்குதாம்மா. அந்தக் கண்ணாடில என் பேரு கீதான்னு பாக்கணும். எனக்கு பயமா கீது. நீ பாத்து மெய்யாலுமே இன்னா கீதோ அத்த சொல்லணும். கீதுன்னா கீதுன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு” என்றார்.

நோயாளிகளிடம் நான் பொய் சொல்வதில்லை. சொன்னால் மறுநாளும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். சரி என்றேன். அணைத்துப் பல வருஷமான திரையில் பெயர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். முதலில் மற்றதைக் கழற்று என்றார்.

*

தினமும் பதினோரு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். ஒரு மணி நேரம். முதலில் கேசட் ரெக்கார்டர், அப்புறம் மின்சாரப் பெட்டி. திருகாணிகளைப் பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டு மூடினேன். அவர் பேசிக்கொண்டே இருப்பார். மற்ற நேரத்தில் நாலு வார்த்தை பேசாதவர்.

பரந்தாமன் இந்த ஊர்க்காரர். அப்பாவுக்கு நிலம் இருந்து, எஸ்டேட் வந்தபோது கைவிட்டுப் போனது. இவருக்கு ஆவடிப் பக்கம், தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிய ஒரு பள்ளியில் பியூன் வேலை கிடைத்தது. அங்கே படித்ததெல்லாம் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். மதுரை, தென்காசி, சேலம் என்று பல ஊர்ப் பேச்சு. எண்பத்தாறில் லாரியில் இரண்டு கம்ப்யூட்டர் வந்து இறங்கின. தேங்காய் உடைத்து, மாலை போட்டு உள்ளே கொண்டுபோனார்கள்.

“அதுக்குன்னு தனி ரூமு. ஜன்னலுக்கு எல்லாம் தெர்மாகோல் வெச்சு அடச்சு, கறுப்புத் தாள் ஒட்டி, கதவுக்கு மெத்த மாதிரி துணி அடிச்சு, ஏசி. எங்க ஹெட்மாஸ்டரு ரூம்லயே ஏசி கெடயாது. செருப்ப வெளில உட்டுட்டு, கை கழுவிகினுதான் உள்ள போவணும். கோயிலு கணக்கா.”

வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பிள்ளைகள், பத்து நிமிஷம். பாடமெல்லாம் கேசட்டில் வரும். கேசட்டை ஓடவிட்டால் பாட்டு வராது, சில்வண்டு மாதிரி கத்தும். அந்தக் கத்தலைக் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். படித்து முடிக்கவே எட்டு நிமிஷம் போய்விடும். மிச்சம் இரண்டு நிமிஷத்தில் நாலு பேரும் அடித்துக்கொள்வார்கள். அதற்குப் புரியாத எதையாவது தட்டினால் உடனே கீழே ‘மிஸ்டேக்’ என்று எழுதும். ‘வணக்கம்’ என்று தட்டினாலும் மிஸ்டேக்தான். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்களாம்.

“நீங்க தட்டிப் பாத்திருக்கீங்களா?”

“பியூனு தொடக் கூடாது. தொடைக்கலாம். தெனமும் ஒவ்வொரு பட்டனா ஈரத் துணில தொடச்சு தொடச்சு எந்த எழுத்து எங்க கீதுன்னு மனப்பாடம். கண்ண மூடிகினு சொல்லுவேன்.”

சொன்னார். இடமிருந்து வலம், மூன்று வரிசை. நான் பலகையைப் பார்த்துச் சரிபார்த்தேன். ஒன்றும் தப்பவில்லை.

நாலாம் நாள் விசைப்பலகையைக் கவிழ்த்துத் திறந்தோம். விசைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டேன். அடியில் தூசி, குங்குமப் பொடி. தூசிக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது. சாமணத்தால் எடுத்தேன். பொரி. கல் மாதிரி இறுகியிருந்தது. ஒன்று, இரண்டு, ஏழு. அப்புறம் ஒரு தலைமுடி. இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. என் முழங்கை நீளம் இருந்தது. அடிவரிசையில் இருந்த நீளமான இடைவெளிப் பட்டையின் கம்பியில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

“பள்ளிக்கூடம்னா முடி இருக்கத்தான் செய்யும்” என்றேன்.

“அது சுசீலாவோடது” என்றார். கை ஆட்டம் அதிகமாகிவிட்டது. மணி பன்னிரண்டு ஆகவில்லை. இருந்தாலும் அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

*

மிச்சத்தை அன்று பகலில், கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார். ஒரு வாக்கியம் சொல்லி, மூச்சு வாங்கி, இன்னொன்று. அதைச் சேர்த்து எழுதுகிறேன்.

எண்பத்தெட்டாம் வருஷம். ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. பள்ளியில் முதல் நாளே, செவ்வாய்க்கிழமை மத்தியானம், கம்ப்யூட்டருக்குப் பூசை போட்டார்கள். சந்தனம், குங்குமம், தட்டில் பொரி, வாழைப்பழம், பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. கணக்கு வாத்தியார் ஆனந்தன் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, திரையில் பிள்ளையார் சுழி வரவைத்தார். பூசை முடிந்ததும் பட்டுத் துணியால் மூடி, “இனிமே வியாழக்கிழமை விஜயதசமிக்குத்தான் தொறக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்றார். அணைக்க மறந்துவிட்டார். பிள்ளைகள் மைதானத்துக்குப் பொரி வாங்க ஓடினார்கள். பரந்தாமன் வெளிச்சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி விளக்கையும் ஏசியையும் அணைத்தார், கதவைப் பூட்டினார். கம்ப்யூட்டருக்குத் தனி லைன். அது எரிந்துகொண்டே இருந்தது.

வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நீல வார். பொரி வாங்கும் அவசரத்தில் யாரோ விட்டுவிட்டார்கள் என்று ஜன்னல் திட்டில் எடுத்து வைத்தார்.

பதினோராம் வகுப்பு சுசீலா உள்ளே மேஜைக்குக் கீழே இருந்தாள். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர், தென்காசிப் பக்கத்துக் குடும்பம். ஒரே ஒரு தடவை முழுசாகப் பத்து நிமிஷம் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

பரந்தாமன் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தார். பள்ளியில் யாரும் இல்லை. காவல்காரர் இருப்பது ரோட்டோரக் கேட்டில். நீளமான வராந்தா. கம்ப்யூட்டர் அறையைத் தாண்டும்போது கதவடி இடுக்கு வழியாக, உள்ளேயிருந்து டிக், டிக்டிக் என்று சத்தம். அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். தினமும் துடைக்கிற பலகை. பூட்டிய அறைக்குள், பூசை போட்ட அன்று, யாரும் தொடக் கூடாத பொருள் தானாக வேலை செய்கிறது.

“சாமிதான்னு நெனச்சேன். சத்தியமா சாமின்னுதாம்மா நெனச்சேன். சரஸ்வதி வந்து தட்டிகினு கீறான்னு.”

பூசையில் மிஞ்சிய கற்பூரம் சட்டைப் பையில் இருந்தது. கதவுக்கு முன்னால் தரையில் வைத்துக் கொளுத்தினார். விழுந்து கும்பிட்டார். சத்தம் வேகமானது. எழுந்து ஓடிவிட்டார்.

மறுநாள் புதன். காலையிலேயே பெண்ணைக் காணோம் என்று குடியிருப்பு முழுக்கச் செய்தி. ரயில் தண்டவாளம் பார்த்தார்கள், பஸ் ஸ்டாண்டு பார்த்தார்கள், பிறகு ஏரிக்குப் போனார்கள். பரந்தாமனும் போனார். இடுப்பில் சாவிக் கொத்து.

“ஏரிக்கரைல நின்னுகினு இருக்கேன். அவங்க அம்மா, பள்ளிக்கூடம் போன புள்ள வூட்டுக்கே வரலியேன்னு அழுவுது. கரைல தேடிப் பாக்கறதுக்கு, அந்தப் பொண்ணோட செருப்பு இன்னா கலருன்னு யாரோ கேட்டாங்க. நீலம்னுச்சு. அப்பவே தெரிஞ்சிடுச்சு எனக்கு.”

தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன்.

“போய் தொறந்திருக்கலாம். அர மணி நேர நடை. இன்னிக்கு ஆயுத பூச, தொறக்கக் கூடாதுன்னு சொல்லிகினேன். எனக்கு நானே சொல்லிகினேன். தொறந்து, அது செத்துக் கெடந்தா? நேத்து சத்தம் கேட்டும் சும்மா வந்தவன்னு ஆயிடும்ல. நாளைக்கு எல்லாரோட சேந்து தொறந்தா நான் மட்டும் இல்ல.”

வியாழக்கிழமை காலை தலைமை ஆசிரியர், ஆனந்தன் சார், இன்னும் நாலு பேர் பின்னால் நிற்க, அவர்தான் பூட்டைத் திறந்தார். இருட்டில் திரை மட்டும் பச்சையாக எரிந்தது. உள்ளே அது ஒன்றுதான் வெளிச்சம். வெளிச்சக் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தாள். பொரியையும் பழத்தையும் தின்று, சொம்புத் தண்ணீரைக் குடித்து உயிரோடு இருந்தாள். விரல் பலகையிலேயே இருந்தது. திரை நிறைய எழுத்து.

“பொண்ணத் தூக்குறதுக்கு முன்னாடி நான் இன்னா பண்ணேன் தெரியுமா? கீழ கெடந்த பட்டுத் துணிய எடுத்து தெரைய மூடினேன். அப்புறம்தான் தூக்குனேன்.”

விசாரணை வைத்தார்கள். பெண் தானாக ஒளிந்தது, பியூன்மேல் தவறில்லை என்று முடிந்தது. இருட்டில் பூட்டிய பயத்திலேயே சுசீலாவுக்குக் கத்தக்கூட முடியாமல் பேச்சு போய்விட்டதாம், அது பிறகும் திரும்பவில்லை என்று சொன்னார்கள். மாதம் முடிவதற்குள் அவள் அப்பா திருச்சிக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். விசாரணை முடியும்வரை அறையில் எதையும் தொடக் கூடாது என்று பூட்டி வைத்தார்கள். பார்க்க வந்த அதிகாரிகள்கூடச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசலோடு நின்றார்கள். பூசைத் துணியை யாரும் விலக்கவில்லை. துணிக்குக் கீழே திரை அதே எழுத்தோடு இருபத்திரண்டு நாள் எரிந்தது. இருபத்து மூன்றாம் நாள் பரந்தாமன் போய், துணியை எடுக்காமலேயே, பின்பக்கமாகக் கையைவிட்டு அணைத்தார்.

அந்தக் காலத்துத் திரையில் ஒரே எழுத்து அத்தனை நாள் எரிந்தால் கண்ணாடிக்குள் கருகிப் பதிந்துவிடும், பிறகு போகாது என்று ரிப்பேருக்கு வந்தவர் சொன்னாராம். திரை கெட்டுப்போச்சு என்று சொல்லி இவரே அதைக் கிடங்கில் போட்டார். பத்து வருஷம் கழித்துப் பள்ளி ஏலம் விட்டபோது எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மகள் பிறந்தது அந்த டிசம்பரில். கன்னியம்மாள் ஏற்கெனவே கலைவாணி என்று பெயர் வைப்பதாக வேண்டியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல இவரிடம் காரணம் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய காரணம் இல்லை.

“அது என்னைத் தெரிஞ்சிகினு தட்டுச்சா, சும்மா தட்டுச்சா? அவ்ளோதாம்மா எனக்கு வோணும்.”

சொல்லி முடித்ததும் வியர்த்துவிட்டிருந்தார். வெந்நீர் கொண்டுவந்து முகம் துடைத்தேன். ஆடுகிற வலது கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விரல் விரலாகக் கழுவிக்கொண்டிருந்தேன். இடது கை மடியில், அசையாமல்.

பின்னறையில் டிக், டிக்டிக் என்று கேட்டது.

அவருக்கும் கேட்டது. கண் மட்டும் அந்தப் பக்கம் போனது. விசைகளையெல்லாம் அன்று காலை நான்தான் கழற்றித் தட்டில் போட்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். விசைகள் தட்டில் போட்டபடியே கிடந்தன. இதற்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கையைத் துவட்டிவிட்டு இரண்டு மணி மாத்திரையைக் கொடுத்தேன்.

*

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை. கலைவாணி வண்டியோடு பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பத்து மணிக்கு அவரைப் பின்னறை வாசலில், முதுகைக் காட்டி உட்காரவைத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்கிறேன் என்று அவர்தான் சொன்னார்.

திரைப் பெட்டியைத் திருப்பினேன். கனமாகத்தான் இருந்தது. துணியை விலக்கினேன். பட்டு மடிப்போடு கிழிந்து கையோடு வந்தது. கண்ணாடி சாம்பல் பச்சை. தூசி. ஈரத் துணியால் துடைத்தேன்.

“ஒண்ணும் இல்லையே” என்று சொல்லப் போனேன். அதற்குள் ஜன்னல் வெயில் பக்கவாட்டில் விழுந்தது. எழுத்துகள் கண்ணாடிக்கு உள்ளே, பழுப்பு நிறத்தில், வரிசையாக நின்றன. ஆங்கில எழுத்தில் தமிழ். பிள்ளைகள் அப்போது அப்படித்தான் தட்டுவார்களாம். ஒவ்வொரு வரிக்குக் கீழும் கம்ப்யூட்டர் தன் பதிலை எழுதியிருந்தது.

“கீதா?” என்றார்.

“இருக்கு.”

“பேரு?”

“பேரும் இருக்கு.”

முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பட்ச்சிடு.”

படித்தேன். எழுதியிருந்த வரிசையில், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் விடாமல்.

யாரு வெளியே
மிஸ்டேக்
கற்பூர வாசனை வருது
மிஸ்டேக்
சாவிக் கொத்து சத்தம் கேட்டுச்சு
மிஸ்டேக்
பரந்தாமன் அண்ணா
மிஸ்டேக்
பரந்தாமன் அண்ணா போகாதீங்க
மிஸ்டேக்
லைட்டாவது போடுங்க
மிஸ்டேக்

“அவ்ளோதானா?”

“இன்னும் ஒரு வரி இருக்கு. அதுக்குக் கீழே பதில் இல்லை. தட்டி முடிச்சு அனுப்பலை போல. ‘அண்ணா இன்னிக்கு என்ன கிழமை’.”

எஸ்டேட் பக்கம் எங்கேயோ பதினோரு மணிச் சங்கு ஊதியது. அவர் நாற்காலியைத் திருப்பச் சொன்னார். திருப்பித் திரைக்கு நேராக நிறுத்தினேன். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு விசைகள் இருந்த தட்டைக் கேட்டார்.

மடியில் வைத்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தட்டில் துழாவி ஒரு விசையை எடுத்தார். திரைக்கு முன்னால் மேஜையில் வைத்தார். கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வைத்தார். அடுத்தது. உதவி செய்யட்டுமா என்று கேட்டேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். ஆறு விசைகள் வைக்க நாற்பது நிமிஷம் ஆனது. வரிசை கோணலாக இருந்தது. ஆங்கில எழுத்தில், புதன்.

கலைவாணி உள்ளே வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை.

“இன்னா சிஸ்டர், இன்னும் வெளையாடிகினு கீறீங்களா ரெண்டு பேரும்? வண்டி நிக்குது.” மேஜையைப் பார்த்தாள். “புதனா? இன்னிக்கு சனிக்கிழமைப்பா.”

“அன்னிக்கு புதன்” என்றார்.

அப்புறம்தான் அவள் கண்ணாடியைப் பார்த்தாள். குனிந்து, கண்ணை இடுக்கி வரி வரியாகப் படித்தாள். பெயர் இருந்த வரியில் நின்றாள்.

“எப்பா, இது உன் பேரு.”

“ஆமா.”

“யாரு தட்டுனது இத்த?”

“ஒக்காரு” என்றார்.

உட்கார நாற்காலி இல்லை, சாமான்களெல்லாம் காலையிலேயே லாரியில் ஏறிப் போய்விட்டன. தரையில் உட்கார்ந்தாள். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். இரு என்றார். என்னிடம் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னார். ஏரிக்கரையை விடவில்லை. துணியால் மூடியதையும் விடவில்லை. குரல் அன்று நன்றாகவே கேட்டது. பாதியில் கலைவாணி எழுந்து போய், முகம் கழுவி வந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். “அவங்க முழுப் பேரு இன்னா? அப்பா பேரு?”

சொன்னார். போனில் எழுதிக்கொண்டாள். பழைய மாணவர்கள் குழு ஒன்று இருக்கிறதாம், திருச்சிப் பக்கம் விசாரிக்கிறாளாம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

கண்ணாடியையும் போர்டையும் எடுத்துப்போக ஆள் திங்கட்கிழமைதான் வருவதாகச் சொன்னார்கள். வீட்டை இடிக்க புதன்கிழமை வருகிறார்கள். திரையைத் துணி இல்லாமல் அப்படியே விட்டோம். ஆறு விசையையும் யாரும் தொடவில்லை. பரந்தாமனைக் காரில் ஏற்றி, கால் தூக்கி வைத்து, பெல்ட் போட்டுவிட்டேன்.

“சிஸ்டர்” என்றார். “பின்னாடி ரூமு லைட்டு.”

“அணைச்சுட்டேன்.”

“போட்டுட்டு வா.”

“யாருக்குப்பா?” என்றாள் கலைவாணி. கேட்டுவிட்டு, அப்பாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

நான் உள்ளே போனேன். காலி வீட்டில் நடந்தால் செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்கும். பின்னறைக் கதவைச் சாத்தியிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு வெளிச்சுவர் சுவிட்சைத் தட்டினேன். கதவின் அடியில் வெளிச்சக் கோடு வந்தது.

வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டபோது உள்ளேயிருந்து கேட்டது. டிக். டிக்டிக். நிதானமாக.

காரைப் பார்த்தேன். பின் இருக்கையில் கலைவாணி அப்பாவின் வலது கையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. திரும்பிப் போய்ப் பார்க்க எனக்கு அங்கே வேலை இல்லை. முன் இருக்கையில், டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினேன். இரண்டு மணி மாத்திரைக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.